பின்னேரத்தில் வேறொரு பிள்ளை

இரண்டு சுரம். முதலாவது சற்று மேலே, இரண்டாவது அதிலிருந்து வழுக்கிக் கீழே. கரண்டியொன்றைக் கைதவறி விழவிட்டு, விழுந்த சத்தத்துக்காக உடனே வெட்கப்பட்டது போன்ற ஒலி.

போன கிழமை வெள்ளவத்தையில் இரத்தம் சோதிக்கிற ஓரிடத்தில், முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். முன்வரிசையில் சீருடையோடிருந்த ஒரு பிள்ளையின் போனிலிருந்து அது கேட்டது. பிள்ளை உதட்டைச் சுழித்தது, கொப்பியில் எதையோ வெட்டியது, மறுபடி படமெடுத்தது. மறுபடி அதே இரண்டு சுரம். நான் பஞ்சை விட்டுவிட்டேன் போலிருக்கிறது, சட்டைக் கையில் ஒரு பொட்டாய் இரத்தம் ஊறியிருந்ததைப் பக்கத்திலிருந்தவர்தான் காட்டினார்.

ஒரு வருடம் முழுக்க எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் இருந்தது. அதைக் கேட்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி கேட்டதும் எரிந்து விழுவாள். மற்றவள் கேட்டதும் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துக்கொள்வாள்.

எரிந்து விழுந்தவள் என் மகள். அவள் பதினோராம் ஆண்டுக்குப் போனபோது பள்ளிக்கூடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் போனில் பாடம் திருத்துகிற ஒரு செயலியைக் கொடுத்தது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் மட்டும். கொப்பியில் செய்ததைப் போனில் படமெடுத்து அனுப்ப வேண்டும். ஒரு மூச்சு விடுவதற்குள் அது வரிவரியாக வாசித்து, சரியான வரிக்குப் பக்கத்தில் பச்சையும் பிழைத்த வரிக்குப் பக்கத்தில் அந்த இரண்டு சுரத்தோடு சிவப்பும் வைத்து, பிறகு ஒரு பெண் குரலில் பேசும். எங்கள் ஊர்க் குரலல்ல. விமானம் தாமதம் என்று அறிவிக்கிற குரல். ‘மிக அருமை. மூன்றாவது படிவரை சரியாக வந்திருக்கிறீர்கள். நான்காவது படியை மீண்டும் பாருங்கள்.’ அதற்குக் கோபம் வராது, அலுக்காது, விடையையும் சொல்லாது. கணக்குச் செய்த கையை எடைபோட்டு அடுத்த கணக்கைத் தானே தெரிவுசெய்யும். சரியாய்ச் செய்தால் கடினமானது, பிழைத்தால் இலேசானது. வீட்டில் எல்லோரும் அதை ‘மிஸ்’ என்றோம். ‘மிஸ் என்னவாம்?’ என்று என் மனைவி மீன் வெட்டிக்கொண்டே கேட்பாள். ‘மிஸ்ஸுக்கு என்ர இதயப் படம் பிடிக்கேல்லயாம், இடது அறையை வலதில போட்டிட்டனாம்’ என்பாள் மகள்.

கதிரையை இழுத்துக்கொண்டவள் என் மனைவியின் தங்கை, என் மச்சாள். மாமி காலமானபிறகு எங்களோடு வந்து நின்றவள். நாற்பது தாண்டியவள், கலியாணம் செய்யாதவள். கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் உதவி ஆசிரியை. காலையில் எங்களுக்குச் சமைத்து, மகளுக்குச் சாப்பாடு கட்டி, காலி வீதியில் பஸ் பிடித்து, நகரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நின்றுகொண்டே போவாள். வந்தால் இரவுச் சாப்பாடு. கூடத்தில் பாய். என் புத்தக அலுமாரியின் மேல்தட்டுகளில் விற்காத என்னுடைய தொகுதிகள் கட்டுக்கட்டாய்க் கிடந்தன, கீழ்த்தட்டில் அவளுடைய உடுப்புகள். எங்கள் வீட்டில் அவளுக்கென்றிருந்த இடம் அந்தத் தட்டுத்தான். அது போதும் என்று யாரும் சொன்னதில்லை, போதாது என்று அவளும் சொன்னதில்லை.

அந்த வருடம் அவளுடைய பள்ளிக்கூடம் கை மாறியது. புதிதாய் வந்தவர்கள் எல்லோருடைய சான்றிதழ்களையும் கேட்டார்கள். பதினோராம் ஆண்டு முடிவில் எழுதுகிற ஓ.எல். பரீட்சையில் கணிதம் பாஸ் பண்ணாதவர் வகுப்பில் நிற்க முடியாது என்றார்கள். வருகிற பரீட்சையில் எடுத்தால் நிரந்தர வேலை. எடுக்காவிட்டால் ஆயா. அதே பள்ளிக்கூடம், அதே பிள்ளைகள், ஆனால் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறதற்குப் பதிலாக வாந்தி துடைக்கிறதும் கழுவி விடுகிறதும். அவள் பதினாறு வயதில் ஓ.எல். எழுதியபோது ஊர் இடம்பெயர்ந்திருந்தது. மரத்தடியிலும் கோவில் மடத்திலும் மற்ற எல்லாப் பாடத்தையும் படித்து எடுத்தாள். கணிதத்துக்கு மட்டும் ஆசிரியர் வந்து சேரவில்லை.

‘பிள்ளை, உன்ர மிஸ்ஸை எனக்கும் கொஞ்சம் தருவியே?’ என்று ஒருநாள் மகளிடம் கேட்டாள்.

‘சின்னம்மா, அது பதினாறு வயசுப் பிள்ளையளுக்கு.’

‘நானும் அந்தப் பாடத்தில பதினாறிலதான் நிக்கிறன்.’

மனைவி சம்மதித்தாள். பின்னேரத்தில் சும்மா கிடக்கிறதுதானே, பார்க்கட்டும் என்றாள். எங்களில் ஒருவருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை. ஒரு வீட்டுக்கு ஒன்று போதும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு பேப்பர், ஒரு பற்பசை. வைஃபை ஒன்றுதான், பக்கத்து ஃபிளாட்டுக்கும் சுவரினூடாக அதே வைஃபைதான். மிஸ்ஸும் அப்படித்தான் என்று நினைத்தோம். காலையில் மகள், பள்ளி விட்டு வந்து மகள், பின்னேரத்தில் விளக்கேற்றிய பிறகு அவளுடைய சின்னம்மா. இருவருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்.

ஆனால் மிஸ்ஸுக்கு உலகத்தில் ஒரேயொரு பிள்ளைதான் தெரியும். அந்தப் பிள்ளை காலையில் முக்கோணங்களைக் கழற்றிப் பூட்டும், பின்னேரத்தில் பின்னங்களைக் கூட்டத் தெரியாமல் தடுமாறும். மிஸ் குழம்பினாள். காலையில் மகள் காட்டிய கெட்டித்தனத்தைப் பார்த்துவிட்டுப் பின்னேரத்தில் வட்ட நாற்பக்கலில் தேற்றம் கேட்டாள், மச்சாள் தாளைப் பார்த்தபடி வியர்த்தாள். மச்சாளின் பிழைகளைப் பார்த்துவிட்டு அடுத்த காலை மகளுக்கு நான்கு மாம்பழத்தை இரண்டு பேருக்குப் பங்கிடச் சொன்னாள்.

‘சின்னம்மா, உங்களால எனக்கு மாம்பழக் கணக்குத் தருகுது. நாளைக்கு ஒண்டு, ரெண்டு, மூண்டு எழுதச் சொல்லப் போகுது.’

‘எழுது. எனக்கும் உதவியா இருக்கும்.’

சிரித்தோம். அப்போது அது சிரிக்கத்தக்கதாய்த்தான் இருந்தது. கிழமைக்கொருதரம் மனைவியின் போனுக்கு அறிக்கை வரும். ‘உங்கள் பிள்ளை காலை வேளையில் மிகத் திறமையாகச் செயற்படுகிறார். மாலையில் கவனம் குறைகிறது. போதிய உறக்கம் கிடைக்கிறதா என்று பாருங்கள்.’ மனைவி அதைச் சாப்பாட்டு மேசையில் சத்தமாய் வாசிப்பாள். ‘கேட்டியோடி? உனக்கு நித்திரை காணாதாம்’ என்று தங்கையைப் பார்ப்பாள். தங்கை அப்போதுதான் அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து நிற்பாள்.

பிறகு மகள் அந்தக் குரலைப் பழகிக்கொண்டாள். விமான நிலையக் குரலை, அதன் ஒவ்வொரு நிறுத்தத்தோடும். மேசையில் மச்சாள் உப்பைத் தேடினால், ‘நல்ல முயற்சி. ஆனால் உப்பு இடது பக்கத்தில் உள்ளது. மீண்டும் முயலுங்கள்’ என்பாள். சொல்லிவிட்டு வாயாலேயே அந்த இரண்டு சுரத்தைப் போடுவாள். சோறு குழைந்துவிட்டால், சொதியில் உறைப்புக் கூடிவிட்டால், கதவைப் பூட்ட மறந்தால், இரண்டு சுரம். மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வரும். விருந்தாளிகள் வந்தால் செய்து காட்டச் சொல்வாள். மச்சாளும் சிரிப்பாள். சிரிக்கும்போது அவள் கை சேலை நுனியைத் திருகிக்கொண்டிருக்கும். நான் சிரித்தேனா என்று கேட்டால், நான் அந்த மாதங்களில் கடலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ரயில் பாதைக்கு அப்பால், ஒவ்வொரு நாளும் அதே சத்தத்தோடு, யாரிடமும் எதையும் கேட்காத கடல். எழுதுகிறவனுக்கு அது மிக வசதியான பொருள்.

அவளுடைய பிழை எப்போதும் ஒரே இடத்தில்தான் வந்தது. சமன்பாட்டில். மூன்று எக்ஸ் சய ஏழு சமன் பதினொன்று என்றிருந்தால், ஏழை அந்தக் கழித்தல் குறியோடேயே மற்றப் பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அந்தப் பக்கம் போனால் மாறும் என்று எப்போதோ யாரோ சொன்னது ஞாபகம் இருந்தது, என்ன மாறும் என்பது ஞாபகம் இல்லை. சில நாள் குறியை மாற்றினாள், சில நாள் எண்ணை மாற்றினாள், ஒருநாள் எக்ஸையே மாற்றினாள். ஒவ்வொரு முறையும் இரண்டு சுரம். ஒவ்வொரு முறையும், ‘முதலாவது படி சரி. ஏழை நீக்க இரண்டு பக்கத்திலும் என்ன செய்ய வேண்டும்?’ மச்சாள் அதற்குப் பதில் சொல்வாள். ‘ஓம், ஓம், பாக்கிறன்’ என்று. மரியாதையாய், எதிரே ஆளிருப்பது போல.

நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். நாற்பது வருடத்தில் அவளிடம் யாராவது ‘முதலாவது படி சரி’ என்று சொல்லியிருப்பார்களா? எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை.

ஒரு பின்னேரம், மின்சாரம் போய் வந்த நேரம், அவள் என் மேசைக்கு வந்து நின்றாள். கையில் கொப்பியும் போனும். முகத்தில் காய்ச்சல்காரரின் மினுக்கம். போனில் ஒரு பக்கம் முழுக்கப் பச்சை.

‘அத்தான், ரெண்டு பக்கமும் ஒரேமாதிரித்தான் செய்யவேணுமாம். ஒண்டும் அங்கால பாய்ஞ்சு போறேல்லயாம். இஞ்ச ஏழைக் கூட்டினா அங்கயும் ஏழைக் கூட்ட வேணும். அவ்வளவுதான். இவ்வளவு காலமும் ஆரும் அப்பிடிச் சொல்லேல்ல.’

நல்லது என்றேன். எந்தச் சொல்லிலிருந்து எழும்பி வந்தேனோ அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் போய்விட்டேன். அவள் கொப்பியை மூடினாள். பிறகு மீன் பொரிய வைத்திருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அவள் வேகம் பிடித்தாள். வட்டி, பரப்பளவு, வரைபு. மிஸ் அவளை ஒவ்வொரு படியாய்க் கையைப் பிடித்து ஏற்றினாள். ஆனால் அவள் எவ்வளவு ஏறினாலும் மகளுக்கு அது போதாது. சேர்ந்து கட்டின இரண்டு மாடுகளில் மெதுவானதன் நடைதான் வண்டியின் நடை. இரண்டாம் தவணை முடிவில் பள்ளிக்கூடம் கணிதத்துக்கு ஒரு தனி வகுப்புத் தொடங்கியது, திறமையான பிள்ளைகளுக்கு மட்டும். மிஸ்ஸின் அறிக்கையைப் பார்த்துத்தான் ஆள் எடுத்தார்கள். மகளின் பெயர் வரவில்லை. அன்றைக்கு அவள் அறைக் கதவைச் சாத்திய சாத்தில் எதிர் ஃபிளாட்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

எங்கள் மூவரையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார்கள். உப அதிபரின் அறை. கணித ஆசிரியையும் இருந்தார், இளம் பெண், கனிவான முகம். கணினியில் ஒரு வரைபைத் திருப்பிக் காட்டினார். காலையில் மேலே, பின்னேரத்தில் பள்ளத்தில், மறுபடி காலையில் மேலே. கடல் அலையை ஒரு சின்னப் பிள்ளை கீறினது போலிருந்தது.

‘உங்கட பிள்ளை பின்னேரத்தில வேறொரு பிள்ளையா மாறுது’ என்றார் ஆசிரியை. ‘கையெழுத்தும் வேற. ஆராவது இதைப் பாவிக்கினமோ? சொன்னீங்க எண்டா அந்த வேலையளைக் கழிச்சுப்போட்டுத் திரும்பப் பாக்கலாம்.’

இரக்கத்தோடு கேட்ட கேள்வி. பதில் சொல்வதற்கு எளிதான கேள்வி. என் தங்கை என்று மனைவி சொல்லியிருந்தால் இரண்டு சொல்லில் முடிந்திருக்கும். அவள் என்னைப் பார்க்கவில்லை. கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். தங்கச்சிக்கு ஓ.எல். கணிதம் இல்லை என்று அந்த அறையில், அந்தக் குளிரூட்டியின் கீழ், பிள்ளையின் முன்னால் சொல்ல அவளுக்கு நா வரவில்லை என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் நா வேறொன்றைக் கொண்டுவந்தது.

‘வீட்டில வேலைக்கு நிக்கிற பொம்பிளை’ என்றாள். ‘பாவமெண்டு குடுத்தது. இனிக் குடுக்க மாட்டம்.’

மகள் சப்பாத்து நுனியைப் பார்த்தாள். நான் வரைபைப் பார்த்தேன். உப அதிபர், பெரிய மனம் உங்களுக்கு என்று மனைவியைப் பாராட்டினார்.

அன்றைக்கே கடவுச்சொல் மாறியது. மச்சாளிடம், பள்ளிக்கூடம் மிஸ்ஸைப் பூட்டிவிட்டது, ஒரு பிள்ளைக்கு ஒருவர்தானாம், சட்டமாம் என்று சொன்னார்கள். அவள் சரி என்றாள். பரீட்சைக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கிறது, இருந்ததை வைத்துப் படிக்கிறேன் என்றாள். மகளின் பெயர் தனி வகுப்புப் பட்டியலில் சேர்ந்தது. மிஸ் நிம்மதியடைந்தாள். ‘உங்கள் பிள்ளையிடம் சீரான முன்னேற்றம் தெரிகிறது. வாழ்த்துகள்.’

பிறகு ஒருநாள் மழை. காலி வீதியில் தண்ணீர் ஏறி, வாகனங்கள் நகராமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்த பின்னேரம். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்துகொண்டிருந்த மச்சாள் வழியில் இறங்கி, குடையோடு மகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். யாரும் போகச் சொல்லவில்லை. வாசல் படலையடியில் அந்தக் கணித ஆசிரியை நின்றிருக்கிறார். நடந்ததை மகள் எனக்குப் பல மாதம் கழித்துச் சொன்னாள். ஆசிரியை மச்சாளின் தோளைத் தொட்டு, ‘நீங்கதானே இவையின்ர வீட்டில வேலைக்கு நிக்கிறது? படிக்கிறது நல்ல விஷயம், விடாதைங்கோ. பிள்ளையின்ர பெயரில மட்டும் செய்யாதைங்கோ, என்ன?’ என்று கேட்டாராம். மச்சாள் மகளைத் திரும்பிப் பார்த்தாளாம். மகள் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினாளாம், கட்டியிருந்த நாடாவை.

‘ஓம் டீச்சர்’ என்றாளாம் மச்சாள். ‘இனிச் செய்ய மாட்டன்.’

வீட்டுக்கு வந்தார்கள். மச்சாள் குடையைக் குளியலறையில் விரித்து வைத்தாள், முகம் கழுவினாள், தேத்தண்ணி போட்டாள். தட்டில் வைத்துக் கொண்டுவந்து என் மனைவியின் முன்னால், எட்ட நின்று, குனிந்து நீட்டினாள்.

‘நோனா, தேத்தண்ணி.’

மனைவிக்கு முதலில் விளங்கவில்லை. சிரித்தாள். பகிடியா என்று கேட்டாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள், அப்போது சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்துபோனது.

அன்றிலிருந்து அவள் வேறெப்படியும் பேசவில்லை. அக்கா என்ற சொல் வீட்டைவிட்டுப் போய்விட்டது. கொழும்பில் வீட்டு வேலைக்கு நிற்கிற பெண்கள் எஜமானியோடு எப்படிப் பேசுவார்களோ அப்படி: ‘நோனா, மீன்காரன் வந்திருக்கிறான்.’ ‘நோனா, குளியலறை கழுவட்டோ?’ எஜமானான எனக்கு மாத்தயா. மகளுக்கு பேபி. பதினாறு வயது பேபி. எங்களோடு மேசையில் இருக்கமாட்டாள், நாங்கள் எழும்பிய பிறகு சமையலறைத் தரையில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவாள். குரலில் ஒரு துளி கோபமில்லை. அதுதான் கொடுமை. கோபமிருந்தால் சண்டை போடலாம், ஒரு சண்டைக்குப் பிறகு ஒரு அழுகை இருக்கும், அழுகைக்குப் பிறகு ஒரு மூக்குச் சிந்தல், பிறகு பழையபடி ஆகிவிடலாம். அவள் அந்த வழியெல்லாவற்றையும் அடைத்துவிட்டு, மிகச் சுத்தமாக, மிகப் பணிவாக எங்களை வதைத்தாள்.

சொந்தக்காரர் வரும் நாட்களில் மனைவி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பாள். ஒருமுறை என் பெரியக்கா இரத்மலானையிலிருந்து வந்திருந்தபோது, மச்சாள் பலகாரத் தட்டோடு வந்து, ‘நோனா, இவவின்ர தேத்தண்ணிக்குச் சீனி போடுறதோ?’ என்றாள். அக்காவின் வாய் திறந்தபடியே நின்றது. இதென்ன கூத்து என்று மனைவியைக் கேட்டார். மனைவி, சும்மா விளையாட்டு, இரண்டு பேரும் இப்படித்தான் என்றாள். அக்கா போனபிறகு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கையிடம் என்ன சொன்னாளோ கேட்கவில்லை. பதில் மட்டும் கேட்டது: ‘பிழையெண்டா மன்னிச்சுக்கொள்ளுங்கோ நோனா.’

ஒருநாள் மகள் தாங்கமாட்டாமல் அழுதாள். ‘சின்னம்மா, என்னை அப்பிடிக் கூப்பிடாதைங்கோ. ப்ளீஸ்.’ மச்சாள் அவளுடைய பள்ளிச் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்தாள். விளிம்பை நீவினாள். ‘சரி பேபி’ என்றாள்.

படிப்பை விடவில்லை. இரவுச் சமையல் முடிந்ததும் பாயில் பழைய வினாத்தாள்களை விரித்துக்கொள்வாள். திருத்துவதற்கு ஒருவரும் இல்லை. மகளிடம் கேட்கமாட்டாள், மகள் தானாகப் போய்ச் சொல்லித் தரட்டோ என்றபோது பேபி போய்ப் படியுங்கோ என்றாள். அப்போதுதான் அந்தக் குரல் கேட்கத் தொடங்கியது. பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவில், அடுப்படியிலிருந்து, விமானம் அறிவிக்கிற அந்தத் தமிழ். ‘முதலாவது படி சரி. இரண்டாவது படியும் சரி. மூன்றாவதை மீண்டும் பாருங்கள்.’ கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடும். ‘ஓம், ஓம், பாக்கிறன்.’ பிறகு, ‘மிக அருமை.’

மகள் மேசையில் செய்து காட்டியது போலல்ல. அவள் எதையும் நடித்துக் காட்டவில்லை. பூட்டிய மிஸ்ஸைத் தன் வாய்க்குள் கொண்டுவந்து வைத்திருந்தாள், அவ்வளவுதான். பிழைத்த இடத்தில் அந்த இரண்டு சுரத்தையும் தானே மெல்ல மூக்கால் போட்டுக்கொள்வாள். மனைவி என் காதுக்குள் சொன்னாள்: ‘இஞ்சருங்கோ, இவளுக்கு விசர் பிடிச்சிட்டுது போல. தனியக் கதைக்கிறாள்.’ எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வீட்டில் அப்போது ஒழுங்காகக் கதைத்துக்கொண்டிருந்தவள் அவள் மட்டுந்தான்.

பரீட்சை நாள் ஒன்றுதான், மண்டபம் வேறு. மகளுக்கு நெற்றியில் திருநீறு பூசி, மனைவி தானே ஆட்டோவில் கொண்டுபோய் விட்டாள். மச்சாளுக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்திகளோடு கொட்டாஞ்சேனையில் இடம் விழுந்திருந்தது. அன்றைக்கும் சாப்பாடு கட்டி வைத்துவிட்டு, நேரத்தோடு பஸ்ஸுக்கு இறங்கினாள். கதவடியில் நான் நின்றேன். வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன். ‘மாத்தயா, பால் கொதிக்குது, ஒருக்காப் பாருங்கோ’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

முடிவுகள் மாதக் கணக்கில் கழித்து வந்தன. ஒரு மத்தியானம். போனைச் சுற்றி மூன்று தலைகள். மகள் தன் சுட்டெண்ணை அடித்தாள். கணிதம் ஏ. மனைவி அவளைக் கட்டிப்பிடித்து, சாமியறைக்கு ஓடி, திரும்பி ஓடிவந்து, ஊரெல்லாம் போன் எடுக்கத் தொடங்கினாள். மச்சாள் யன்னலோரம் நின்று, சேலைத் தலைப்பில் முடிந்தது போல மனதில் வைத்திருந்த எண்ணை, ஒவ்வொரு இலக்கமாய்ச் சொன்னாள். மகள் அடித்தாள். திரையில் சுற்றிக்கொண்டேயிருந்த வட்டம் நின்றது.

‘சின்னம்மா. கணிதம் சீ. பாஸ்.’

மனைவி காதிலிருந்து தன் போனை எடுத்தாள். அதில் யாரோ, ஹலோ ஹலோ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சாள் மகளின் போனை வாங்கித் தானே பார்த்தாள். தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தாள். பிறகு அதை மகளின் கையில் கொடுத்துவிட்டு, ஒரு கடைக்குக் கணக்கு முடித்தவளைப் போலத் தலையசைத்தாள்.

அடுத்த கிழமையே பள்ளிக்கூடம் அவளை நிரந்தரமாக்கியது. அதற்கடுத்த ஞாயிறு அவள் அலுமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்தாள். கொட்டாஞ்சேனையில் கூட வேலை செய்கிற ஓர் ஆசிரியையோடு ஓர் அறை, கோவிலுக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகலாம். இதையெல்லாம் அவள் எங்களிடம் கேட்கவில்லை, சொன்னாள். மகள் அறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வரை போக முன்வந்தேன். வேண்டாம் என்று தானே எடுத்துக்கொண்டாள். இரண்டு பைதான். நாற்பது வருடமும் இரண்டு பைக்குள் அடங்கிவிட்டது, இரண்டாவதில் இடமும் மிச்சமிருந்தது.

மனைவி அடுப்படி வாசலில் நின்றாள். காலையிலிருந்து நாலைந்து தரம் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் போயிருந்தாள். மன்னிப்பாயிருக்கும் என்று நினைத்தேன். ஒரு சொல், வெறும் ஒரு சொல், இந்தக் கதவு சாத்துவதற்குள் வந்துவிடும் என்று நினைத்தேன். லிஃப்ட் எங்கள் மாடியில் வந்து நின்ற சத்தம் கேட்டது. மனைவி கையிலிருந்த துணியால் கழுத்தைத் துடைத்தாள். ரைஸ் குக்கரைத் திரும்பிப் பார்த்தாள்.

‘எடி, சோத்துக்கு எத்தினை சுண்டு அரிசி போடுறனி?’

மச்சாள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள், உண்மையாகவே யோசித்தாள்.

‘மூண்டு போடுறனான். இனி ரெண்டு போதும்.’